கரிவண்டியில் ஆறு பேர்

கைதிகளை ஏற்றிவிட்டு வெளியே பூட்டுப் போட்டபோது, காவலுக்கு ஏறிய இருதயம் என்ற போலீஸ்காரனும் சேர்ந்துதான் பூட்டப்பட்டான். சாவி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏட்டு ராஜரத்தினத்திடம். இருதயத்திடம் ஒரு தடியும் கைவிலங்குச் சாவியும் மட்டும்.

நாற்பத்திரண்டாம் வருஷம், ஆகஸ்ட் கலவரம் ஓயாத நேரம். தந்திக் கம்பியை அறுத்தார்கள் என்று சோழபுரத்தில் பிடித்த ஐந்து பேரை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நேர் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் மம்சாபுரம் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லி உத்தரவு. யார் தட்டினாலும், எவன் கத்தினாலும் வண்டி நிற்கக் கூடாது என்பது இன்னொரு உத்தரவு.

யுத்தகாலம், பெட்ரோலுக்குப் பஞ்சம். வண்டி கரியில் ஓடியது. பின்கதவை ஒட்டி ஓர் இரும்பு உருளை. அதில் கரி கனன்று கிளம்பும் வாயுவைக் குடித்துத்தான் இன்ஜின் ஓடும். கைதிகள் உட்கார்ந்திருந்தது நாலு பக்கமும் தகரம் அடித்த பெட்டி. பின்கதவில் கம்பி போட்ட சன்னல் ஒன்று. முன்னால், டிரைவர் கூரைக்கு மேலே, எதிர்காற்றைப் பார்த்து இன்னொரு சாளரம் இருந்தது. போன வாரம் யாரோ அதன் வழியே கோஷம் போட்டார்கள் என்று பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள்.

வண்டி நத்தையாக நகர்ந்தது. தகரம் கொதித்தது. கொஞ்ச தூரத்திலேயே இருதயத்துக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டான்.

"ஐயா, மூச்சு முட்டுது. சன்னல் பக்கம் செத்த நேரம் உக்காந்துக்கிடுதோம்" என்றான் சின்னக்கருப்பன். ஏர் பிடித்துக் காய்த்த கை, ஓங்குதாங்கான ஆள். கிழவர் சீனிச்சாமியோடு சேர்த்து விலங்கு போட்டிருந்தது.

இருதயம் தலையசைத்தான். ஐந்து பேரும் பின்சன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டு காற்றுக்குத் தவித்தார்கள். சற்று நேரத்தில் ஒருவன் வாந்தி எடுத்தான். சீனிச்சாமியின் தலை தொங்கிப்போயிற்று. சன்னலோடு ஒட்டி இருந்தவர்கள்தான் முதலில் சாய்ந்தார்கள். அது இருதயத்தின் மனதில் முள்ளாகத் தைத்தது. காற்று வருகிற இடத்தில் இருப்பவனுக்கா மயக்கம் வரும்?

முன்தகரத்தைத் தடியால் தட்டினான். "ஏட்டையா! ஏட்டையா!" இன்ஜின் இரைச்சல்தான் பதில். கேட்டிருந்தாலும் நிற்காது, உத்தரவு அப்படி.

தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்துப் பின்சன்னல் அருகே பிடித்தான். சுடர் வெளியே சாயவில்லை. உள்பக்கமாக, அவன் முகத்தைப் பார்த்து வளைந்தது. வண்டி ஓட ஓட, பின்னால் உருளையிலிருந்து கசிகிற விஷக் கரிவாயுவை இந்தப் பெட்டி உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது! முன்னால் வழியை அடைத்தாயிற்று. வேறு எங்கிருந்து காற்று வரும்?

"ஏலே, எல்லாரும் துண்டைக் குடுங்க. சன்னலை அடைக்கணும்."

"இருக்கிற ஒரு ஓட்டையையும் அடைச்சு எங்களைக் கொல்லப் பாக்கியளா?" சின்னக்கருப்பன் சன்னலை மறித்து நின்றான்.

"கொல்லுறதே அந்த ஓட்டைதான். நானும் இதுக்குள்ளதானலே கெடக்கேன்!"

சின்னக்கருப்பன் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு தலைத்துண்டை அவிழ்த்தான். சன்னல் அடைபட்டதும் உள்ளே குகை இருட்டு. இனி முன்பலகை பெயராவிட்டால் இருக்கிற காற்றும் தீர்ந்துவிடும். இருதயம் தடியை ஓங்கினான். கை பாதியிலேயே விழுந்தது. உடம்பில் சத்தில்லை.

தடவித் தடவிச் சின்னக்கருப்பனின் விலங்கைத் திறந்தான். தடியை அவன் கையில் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. இருட்டில் ஒரு கணம் எதுவும் அசையவில்லை. அப்புறம் பலகையில் அடி விழுந்தது. மறுபடி, மறுபடி. ஆணி முனகியது. பலகை பிளந்து டிரைவர் கூரைமேல் விழ, வெளிச்சமும் புழுதியும் காற்றும் ஒன்றாகக் கொட்டின.

வண்டி குலுங்கி நின்றது. "தப்பிக்கப் பாக்கானுவ!" ராஜரத்தினம் கீழே குதித்துத் துப்பாக்கியைச் சாளரத்துக்கு நேராகத் தூக்கினார். இருதயம் சின்னக்கருப்பனைத் தள்ளிவிட்டுத் தன் தலையை அந்த ஓட்டையில் நீட்டினான்.

"சுடாதீய ஏட்டையா! நான் இருதயம். கதவைத் தெறங்க, ஆளு சாகுது!"

ஏட்டின் விரல் இறங்க வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

மம்சாபுரத்துக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் எல்லாரையும் கிடத்தினார்கள். சீனிச்சாமியின் முகத்தில் டிரைவர் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் கிழவர் ஓங்கரித்தார், கண்ணைத் திறந்தார். ராஜரத்தினம் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அப்போதுதான் விலங்கில்லாத கையைக் கவனித்தார்.

"யாருடே அவுத்தது?"

"நான்தான்."

"இதை எழுதாம இருக்க ஏலாது, பாத்துக்கோ."

"எழுதுங்க ஏட்டையா."

சின்னக்கருப்பன் தானாகவே வந்து கையை நீட்டினான். இருதயம் அவசரப்பட்டதில் சாவி துளையில் நுழையவில்லை. "மெல்லப் போடுங்க, எங்க ஓடப்போறேன்" என்றான் அவன்.

அந்த அறிக்கைக்காக இருதயத்தின் சம்பள உயர்வு நின்றது. காவல் வேலையிலிருந்து தூக்கிக் குதிரை லாயத்துக்குப் போட்டார்கள். சின்னக்கருப்பனுக்கு ஆறு மாதம் கிடைத்தது.

அன்று மரத்தடியில், முன்சாளரத்தைத் திறந்தபடியே விட்டு எல்லாரும் ஏறிய பின், இருதயம் பெட்டியின் வாசலில் கொஞ்சம் தயங்கினான். உள்ளேயிருந்து சீனிச்சாமி நகர்ந்து இடம் விட்டார். அவன் ஏறினான். வெளியே பூட்டு விழுந்தது.