இருநூறு கிராம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் பிரிவின் எடை மெஷினில் ஏறி நின்ற கண்டக்டர் இருநூறு கிராம் இருந்தார். உடுப்பின் எடையைக் கழித்துவிடுவது அங்கே வழக்கம். மிஞ்சிய இருநூறும் அவருடையதல்ல. மனிதர் காற்றோடு போய்விடக் கூடாதென்று அவர் மனைவி சட்டை ஓரத்தில் வைத்துத் தைத்திருந்த இரும்பு வாஷர்களுடையது. நோட்டில் எழுதிக்கொண்டு, நான்காம் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பில் பெல்ட் மாட்டி, ஊசி குத்தினார்கள்.

அவருக்கு இரண்டு கிட்னியும் போய் ஆறு வருஷம். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். அந்த இடத்தில் தண்ணீர் குடிப்பதுதான் பெரிய குற்றம். எடை ஏறி வந்தால் திட்டு விழும். அதனால் கண்டக்டரின் எடை இறங்க ஆரம்பித்தபோது யாரும் பயப்படவில்லை. அறுபத்தாறு ஐம்பதானபோது கை தட்டினார்கள். முப்பதானபோது டாக்டர் மற்றவர்களிடம், “கண்டக்டரைப் பாத்துக் கத்துக்கோங்க” என்றார். ஒன்பது கிலோவில் அவர் படம் ‘இந்த மாதத்தின் சிறந்த நோயாளி’ என்று போர்டில் ஏறியது. வேறு ரூட் பஸ்ஸைப் பார்ப்பது போல அவர் அதைப் பார்த்தார்.

மனைவிக்குத் தெரியும். மத்தியானம் படுத்தால் மெத்தையிலிருந்து நாலு விரற்கடை மேலே கிடப்பார். வெளியே சொன்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டு, ஹார்டுவேர் கடைக்குப் போய் வாஷர் வாங்கி வந்தாள்.

பிரிவில் ஒரு படிவம் உண்டு. தூக்கம், பசி, அரிப்பு, காலில் பிடிப்பு என்று இருபத்தோரு கேள்விகள். அந்த ஒரு கேள்வி மட்டும் கிடையாது. கேட்டால், இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று படித்தவர்களே நம்பினார்கள்.

அந்தச் செவ்வாயன்று கண்டக்டர் முப்பது வருஷம் ஊதிய விசிலைப் பையிலிருந்து எடுத்து, ஐந்தாம் நாற்காலி டெய்லரிடம் நீட்டினார். “வச்சுக்கங்க. எனக்கு இனிமே எதுக்கு?” டியூபுக்கு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்த நர்ஸின் கை நின்றது. போர்டில் அந்தப் படத்தை ஒட்டியவளே அவள்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சார், செத்துப்போயிடலாம்னு தோணுதா?”

டெய்லர் அவசரமாக டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் அடுத்த ஸ்டாப்பைச் சொல்லும் குரலில் சொன்னார்.

“தோணுது சிஸ்டர். எட்டு மாசமா. நான் இல்லன்னா வீட்ல எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க. இதை யாருமே கேக்கல.”

நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. நர்ஸ் அவரை விட்டு நகரவில்லை. ஆள் அனுப்பியதும் மனநல டாக்டர் மாடியிலிருந்து வந்தார். வெளியே உட்கார்ந்திருந்த மனைவியை உள்ளே அழைத்தார்கள். எட்டு மாதத்து அழுகையை அங்கேயே அழுது முடித்துவிட்டு, வாஷரைப் பிரித்துவிடலாமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். அன்று நான்கு மணி நேரம் தண்ணீர் எடுத்த பிறகும் கண்டக்டர் பதினொரு கிலோ இருந்தார்.

போர்டில் இருந்த படத்தை நர்ஸே கிழித்தாள். படிவத்தில் கேள்வி இருபத்திரண்டானது. முந்தைய மாதங்களின் சிறந்த நோயாளிகளிடமும் போய்க் கேட்டார்கள். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். டெய்லர் வியாழக்கிழமையே விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம். எடை ஏறும், இறங்கும். பெல்ட்டும் இருக்கிறது, வாஷரும் இருக்கிறது. போன சனிக்கிழமையும் நர்ஸ் அரிப்பைக் கேட்ட கையோடு அதையும் கேட்டாள்.

“காலையில தோணுச்சு சிஸ்டர். இப்ப ஒரு நாப்பது இருக்கும், பாருங்க” என்றபடி கண்டக்டர் மெஷினில் ஏறினார்.

வாஷரைக் கழித்து நாற்பத்தொன்றரை இருந்தது. எழுதிக்கொண்டாள்.