நாமா, நாங்களா?

"நாமா? இவன்கூடச் சேந்து நானா?" மீசைத் தளபதி நான் தட்டச்சு செய்த ஒப்பந்தத்தை மேசைமேல் விட்டெறிந்தார். "நாங்கள்னு மாத்து."

எதிரே இருந்த வழுக்கைத் தளபதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நாங்க மட்டும் இளிச்சவாயனுங்களா? எங்களுக்கும் 'நாங்கள்'தான்."

'நாம் இந்தப் போரை நிறுத்துகிறோம்.' இந்த ஒரு வரிக்குத்தான் காலையிலிருந்து மல்லுக்கட்டு. சமரசம் பேச வந்த வெளிநாட்டுக்காரர், தன் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கு இரண்டு பேரையும் கண்டாலே ஆகாது. என் தம்பி பாடம் நடத்திக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தின்மேல் குண்டு போட்டது யார் என்று இருவர் வாசலிலும் போய் நின்றிருக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: "நாங்க இல்ல."

திடீரென்று பக்கத்துக் கட்டடத்தில் குண்டு விழுந்தது. ஜன்னல்கள் நொறுங்க, எல்லாரும் மேசைக்கடியில் புகுந்தோம்.

"உன் ஆளுங்களா, என் ஆளுங்களா?" என்றார் வழுக்கை.

"எவனா இருந்தா என்னய்யா?" என்று மீசை கத்தினார். "நாம உள்ள இருக்கோம்னு அந்த நாய்ங்களுக்குத் தெரியாதா?"

நான் எழுந்து, ஒப்பந்தத்தைத் தூசி தட்டி அவர்முன் நீட்டினேன். "உங்க வாயில வந்த வார்த்தைதான் சார். போடுங்க கையெழுத்த."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் போட்டார்கள்.

பேனாவைத் திரும்ப வாங்கும்போது கேட்டேன். "இப்ப சொல்லுங்க. என் தம்பியக் கொன்னது யாரு?"

இந்த முறை 'நாங்க இல்ல' என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.