ரிலே விழும்வரை நான்கு விநாடி

எங்கள் கடைக்கு ரிப்பேருக்கு வரும் ஆம்ப்ளிஃபயர்களில் பாதிக்கு ஒரு நோயும் இருக்காது. பயம்தான். சூடு ஏறினால் ஃபேனை அலற விடும். இன்னும் ஏறினால் சத்தத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்கவில்லை என்றால் முகப்பில் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஸ்பீக்கர் ஒயர் இரண்டும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டால் கண் இமைப்பதற்குள் கையை உதறிவிடும். பாட்டு பாதியில் நிற்கிறதே, ஆயிரம் பேர் கத்துகிறார்களே என்ற கவலையெல்லாம் அதற்குக் கிடையாது. இவ்வளவு சுயநலம் பிடித்த பெட்டியோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஒட்டவில்லை.

கடை அண்ணனுடையது. விழாக்களுக்கு ஒலி அமைக்கப் போகும்போது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் இருபது வருஷம் உட்கார்ந்தவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி விழாவில் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியதாம். கூட்டமே காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். காது டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கோடு ஓர் இடம்வரை ஒழுங்காகப் போய், அப்புறம் மாடிப்படியில் தவறி விழுந்தவன்போலக் கீழே விழுந்தது. கீச்சென்று கேட்கிற உயர்ந்த சத்தங்கள் இனி எனக்கு இல்லை. மறுநாளே அண்ணன் என்னைப் பின்னறை பெஞ்சில் ரிப்பேருக்கு உட்கார வைத்தார். மிக்சரில் தங்கையின் புருஷன் உட்கார்ந்தான்.

அவனுக்குப் பட்டப்பெயர் தராசு. சத்தம் ஒரு மயிரிழை கூடினாலும் சொல்லிவிடுவானாம். வாடிக்கையாளர்கள் வாய் பிளந்தார்கள். நான் வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிட்டேன், மனசுக்குள் வேறு என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டேன். இதில் எரிச்சல் என்னவென்றால், ஆள் நல்லவன். டீ குடிக்கப் போனால் எனக்கும் சேர்த்து வாங்கி வருவான். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இந்த நேரத்தில்தான் புதிதாகக் கட்டிய பெரிய அரங்கத்தின் ஒலி வேலை எங்களுக்குக் கிடைத்தது. கருவிகளை நாங்கள் பொருத்த வேண்டும். எங்கள் ஆள் ஒருவர் அங்கேயே மிக்சரில் நிரந்தரமாக உட்காரலாம். கண்ணாடி அடைத்த தனி அறை, சாயும் நாற்காலி. யாரை உட்கார வைப்பது என்று அண்ணன் வாயைத் திறக்கவில்லை. தராசைத்தான் என்று எனக்குத் தெரியாதா என்ன? அந்த நாற்காலி எனக்கு வேண்டும். பெஞ்சில் ஈயப் புகையை முகர்ந்துகொண்டே சாக எனக்கு விருப்பமில்லை.

அரங்கத்துக்குப் போக வேண்டிய ஆம்ப்ளிஃபயர்களில் பெரியது ஒன்று என் பெஞ்சுக்கு வந்தது. போட்டதும் சிவப்பு விளக்கு எரிகிறது என்றார்கள். திறந்து பார்த்தேன். டிரான்சிஸ்டர் ஒன்று கசிகிறது. பெட்டி குளிர்ந்து கிடந்து முதல்தடவை போடும்போது உள்ளே இருக்கிற மொத்த வோல்டேஜும் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும் வாசலுக்கு வந்து நிற்கிறது. கொஞ்சம் சூடானதும் நல்ல பிள்ளையாகிவிடுகிறது. அந்த வாசலில் காவலுக்கு இருப்பதுதான் ரிலே. ஸ்விட்சைப் போட்டவுடன் அது ஸ்பீக்கரை இணைக்காது. நான்கு விநாடி பொறுத்துப் பார்க்கும். வருவது சரியாக இருந்தால் டிக்கென்று விழுந்து இணைக்கும். தப்பாக இருந்தால் விழவே விழாது. இந்தப் பெட்டியில் ரிலே தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

டிரான்சிஸ்டரை மாற்ற அரைமணி நேரம் போதும். நான் மாற்றவில்லை. இரண்டு அங்குல ஒயரை வெட்டி ரிலேயின் இரண்டு காலுக்கும் குறுக்கே ஈயத்தால் பற்ற வைத்தேன். இனி ரிலே விழுந்தாலும் ஒன்றுதான், விழாவிட்டாலும் ஒன்றுதான்; ஸ்பீக்கர் எப்போதும் இணைந்தே இருக்கும். சிவப்பு விளக்கின் ஒயரையும் பிடுங்கிவிட்டேன். பெட்டி சூடாக இருக்கும்போது பாட்டுப் போட்டுக் காட்டினேன்.

"சரியாயிடுச்சா மச்சான்?" என்றான் தராசு.

"நான் கை வச்சா சரியாகாம இருக்குமா மாப்ள?"

என் கணக்கு இவ்வளவுதான். மறுநாள் அரங்கத்தில் முதல்தடவை போடும்போது புது ஸ்பீக்கர் புகையும். அரங்கத்து மேலாளர் முன்னால் நிற்பார். சோதனைக்குப் பொறுப்பு தராசு; சத்தத்தைக் கண்டபடி ஏற்றி எரித்துவிட்டான் என்று பழி அவன்மேல் விழும். அவன் முகத்தில் கரி பூசினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

காலை பத்து மணிக்கு எல்லாரும் அரங்கத்தில் இருந்தோம். நான் மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபயர் அடுக்கின் பக்கம். அண்ணனும் மேலாளரும் முன்வரிசையில். தராசு பின்னால் கண்ணாடி அறையில் இருப்பான் என்றுதான் எண்ணியிருந்தேன். அவன் மேடைக்கு ஏறி வந்தான்.

"மச்சான், நான் ஹார்ன்கிட்ட நிக்கிறேன். நீங்க போடுங்க. டிக் விழுந்ததும் இரைச்சல் எவ்வளவு வருதுன்னு ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடுறேன்."

எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் உள்ள பழக்கம். ஸ்பீக்கரில் உயர்ந்த சத்தம் வருகிற குழாயான ஹார்னின் வாயில் காதை வைத்துக்கொண்டுதான் ஸ்விட்சைப் போடச் சொல்வோம். முதல் நான்கு விநாடி கல்லறை மாதிரி அமைதியாக இருக்கும். டிக் விழுந்தவுடன் வரும் இரைச்சலை வைத்துப் பெட்டியின் தரத்தைச் சொல்லிவிடலாம். ரிலே இருக்கிற தைரியத்தில் செய்கிற காரியம். எத்தனை தடவை நானே செய்திருக்கிறேன்.

அவன் இடது காதை ஹார்னுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஒயர் லூஸாக இருக்கிறது, ஃப்யூஸ் பார்க்க வேண்டும், அவசரமாக ஒதுங்க வேண்டும் என்று எதையாவது உளறியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். மாட்டிக்கொள்வேன் என்ற பயம் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது பாதிதான் உண்மை. மூடிய கண்ணோடு அவன் நின்ற அழகைப் பார்த்தபோது, எனக்கு இல்லாதது உனக்கு மட்டும் எதற்கு என்று தோன்றியது. அதுதான் மீதி.

"போடுறேன் மாப்ள," என்றேன்.

நான்கு விநாடியெல்லாம் ஆகவில்லை. அரங்கமே அதிர்ந்தது. எனக்கே அது நன்றாகக் கேட்டது. தராசு கத்தவில்லை. யாரோ பின்னாலிருந்து முழங்காலில் உதைத்ததுபோல மடங்கி உட்கார்ந்து, காதைத் தொட்டு, விரலில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்தான். அவன் தலைக்கு மேலே ஸ்பீக்கர் புகைந்துகொண்டிருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். நர்ஸ்கூட, கூடப்பிறந்தவர்போலத் துடிக்கிறீர்களே என்றாள்.

தங்கை சமையல் கை ஈரத்தோடு ஓடி வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ பக்கத்துல இருந்தியேண்ணே. அதுவே போதும்."

அண்ணன் சாயங்காலம் வந்தார். என்னை வராந்தாவின் கோடிக்கு அழைத்துப் போய்ச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு அங்குல ஒயர்.

"பெட்டிய நானே திறந்தேன்," என்றார். "இந்த மாதிரி பளபளன்னு ஈயம் பத்த வைக்க நம்ம கடையில ஒரே ஆள்தான்."

ஒயரை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"ரிலே ஒட்டிக்கிச்சுன்னு மேலாளர்கிட்ட சொல்லிட்டேன். தங்கச்சிக்கும் அதேதான். உனக்காகச் சொல்லல. அவ மனசு தாங்காது."

"அண்ணே..."

"இரு. இன்னும் இருக்கு. நேத்து ராத்திரி மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தாரு. அந்த நாற்காலி எனக்கு வேண்டாம், சின்ன மச்சானுக்குக் குடுங்கன்னாரு. அவனுக்குத்தான் காது கேக்கலையேன்னேன். நான் பக்கத்துல நின்னுக்கிறேன், மேல் சத்தம் கத்துனா தோளைத் தொட்டுச் சொல்றேன், வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்னாரு. நானும் சரின்னுட்டேன். காலையில சோதனை முடிஞ்சதும் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்." அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாற்காலி உனக்குத்தான். நாளையிலேர்ந்து போய் உக்காரு. உனக்கு நான் குடுக்கிற தண்டனை அதுதான்."

ஒயரைப் பையில் போட்டுக்கொண்டு அவன் இருந்த அறைப் பக்கம் நடந்தேன். அவன் அத்தனை நல்லவனாக இருந்ததற்காக அப்போதும் அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அறைக்குள் அவன் மட்டும் இருந்தான். தலையைச் சுற்றிக் கட்டு. என்னைப் பார்த்ததும், தன் குரல் தனக்கே கேட்காதவனைப்போலச் சத்தமாகப் பேசினான்.

"மச்சான், நாளைக்கு நீங்க பாத்துக்கங்க. அந்த ஹால் மேல்பக்கம் கத்தும். கொஞ்சம் குறைச்சே வைங்க."

"சரி மாப்ள."

"வலது பக்கம் வந்து பேசுங்க. இது இனிமே சரியா வராதுன்னுட்டார் டாக்டர். போனது ஒண்ணுதானே, விடுங்க."

அவன் வலது காது தலையணையில் அழுந்தும்படி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான். நான் வலது பக்கம் போகவில்லை. கட்டிலின் இடது பக்கமே குனிந்து, கட்டுப் போட்ட காதின்மேல் வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன்.

"நான்தான் மாப்ள செஞ்சேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

சொல்லிவிட்டதில் ஏதோ பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. இப்படி ஒரு கோழைத்தனத்திலும் மனுஷனுக்குச் சுகம் கிடைக்கிறது. மூச்சுக்காற்று பட்டு அவன் கண் திறந்தான்.

"ஏதாச்சும் சொன்னீங்களா?"

பதில் சொல்ல நிமிர்ந்தபோது, வாசலில் தங்கை கையில் மருந்துச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் முகத்தில் அழுகை இல்லை. அழுகை இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

அவள் உள்ளே வந்து, என்னைச் சுற்றிக்கொண்டு, அவனுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையணையைச் சரி செய்தாள். அவன் காதருகே குனிந்து, எனக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"ஒண்ணுமில்லைங்க. அண்ணன் கிளம்புறாரு. இனிமே வர மாட்டாரு."