பின்கதவுத் தாழ்ப்பாள்

எவாந்தியா சமையலறைப் பின்கதவை மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். தாழ்ப்பாள் அசையவில்லை. ஏதென்ஸிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்த அன்றே, துருப்பிடித்துக் கிடந்ததில் ஆலிவ் எண்ணெய் விட்டு, அவளே மல்லுக்கட்டிப் போட்டது.

"தாழ் போட்டுத்தான்ப்பா இருக்கு. நிம்மதியா படுங்க."

ஸ்ட்ராடிஸ் தலையை ஆட்டினார். அவருக்குப் பேச்சு ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தது. விரல் மட்டும் பின்கதவையே காட்டிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்குச் சாகிற நேரத்திலும் அந்தக் கதவுதானா! ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், கிரேக்கர்களின் கையில் கான்ஸ்டான்டினோபிளாக இருந்த இந்த நகரத்தைத் துருக்கியர் முற்றுகையிட்டபோது, மதிலில் ஒரு சின்னக் கதவைத் தாழிட எவனோ ஒரு மடையன் மறந்தான், அதனால்தான் நகரம் போயிற்று என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி, பக்கத்து வீட்டுத் துருக்கியர், முடிதிருத்துபவர் நெஜ்தெத். சாயங்காலமானால் தாயக்கட்டை உருளும், காப்பி ஆறிப்போகும், இரண்டு பேரும் அந்த மதில்மேலேயே நின்று கத்துவார்கள்.

"கதவை மட்டும் அடைச்சிருந்தா ஊர் தப்பிச்சிருக்கும்டா!"

"கிழிச்சிருக்கும். எங்க பீரங்கிக்கு முன்னாடி உங்க கதவு எம்மாத்திரம்?"

சின்னப் பெண்ணாக மேசைக்கடியில் படுத்து, அந்தச் சத்தத்திலேயே அவள் தூங்கிப்போவாள். எவ்வளவு நல்ல காலம் அது! இப்போது அந்த மனுஷன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மத்தியானம், காட்டிய விரல் காட்டியபடியே போர்வைமேல் இறங்கிற்று. அவ்வளவுதான்.

சேதி கேட்டு நெஜ்தெத் வாசல் வழியாக வந்தார், விருந்தாளிபோல, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"இப்பத்தான் வழி தெரிஞ்சதா சித்தப்பா?"

"தினமும் வந்தேனேம்மா. பின்கதவு தாழ் போட்டிருந்துச்சு." அவர் குரல் உடைந்தது. "நாப்பது வருஷமா எனக்காக அதை உங்கப்பன் தாழ் போட்டதே இல்ல. போன வாரம் ரொம்பக் கேலி பண்ணிட்டேன். அந்தக் கோபத்துல என் மூஞ்சிலேயே முழிக்க வேண்டாம்னு போட்டுட்டான்னு நினைச்சேன்."

எவாந்தியா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, நான்தான் போட்டேன் சித்தப்பா! அப்பா திறக்கச் சொல்லிக் காட்டிட்டே இருந்தாரு. பூட்டியிருக்கான்னு கேக்கறாருன்னு நான்..."

நெஜ்தெத் கட்டிலருகே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, நண்பரின் தலையை வகிடெடுத்து வாரிவிட்டார்.

"சரிடா, நீயே ஜெயிச்சே," என்றார். "கதவை அடைச்சிருந்தா ஒருத்தனும் உள்ள வந்திருக்க முடியாது."

அவள் காப்பி போட எழுந்து சமையலறைக்குப் போனாள். எண்ணெய் விட்டிருந்ததால் தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விலகிற்று.