அடி துடைத்த தட்டுகள்

சூளையைத் திறந்தபோது இருந்தவர்கள்: அக்கா, அவள் புருஷன், தட்டு வாங்க வந்த ஓட்டல்காரம்மா, அப்புறம் ராக்கோழி. இரவு வேலையை விட்டுவிட்டு வந்து, இரண்டு வருடமாக அக்கா வீட்டில் பீங்கான் தட்டுகளுக்கு விளிம்பு வரைந்துகொண்டிருந்த தம்பிக்கு மாமா வைத்த பெயர் அது. பகலில் அவனுக்குக் கண் சொக்கும். கை மட்டும் சொக்காது.

அவன் பை வாசலில் தயாராக இருந்தது. வேறு ஊரில் லாரி ஷெட்டில் வேலை. இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இந்த நாற்பது தட்டு முடிந்ததும் போகலாம் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

வரைவது, பளபளப்புப் பூச்சில் முக்குவது எல்லாம் பின்னறையில்தான். ஜன்னல் கிடையாது. ஈரப் பூச்சில் தூசி விழுந்தால் சுட்ட பிறகு மரு மாதிரி நிற்கும். கதவோ கோணல், தானாகச் சாத்தி நிற்காது. அதனால் வெளியே பூட்டு. உள்ளே இருப்பவன் ஒன்றுக்குப் போகக்கூடக் கதவைத் தட்ட வேண்டும்.

சூளை, அந்த அறைக்கு வெளியே நடையில் இருந்தது. மேல் அடுக்குத் தட்டுகள் நன்றாக வந்திருந்தன. நீலக்கொடி விளிம்பைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்திலேயே இலை பிசகாமல் சேர்ந்திருந்தது. ஓட்டல்காரம்மா ஒன்றைச் சுண்டிப் பார்த்தாள்.

"கணீர்னு இருக்கே. யார் கை இது?"

"நம்ம ராக்கோழிதான். மூஞ்சியப் பாத்தா நம்ப முடியாது," என்றார் மாமா.

கீழ் அடுக்கில் கை வைத்தார். தட்டு வரவில்லை. இழுத்தால் அடியில் இருந்த சூளைப் பலகையும் சேர்ந்து வந்தது. உளியால் நெம்பியதும் இரண்டாகப் பிளந்தது. கீழே இருந்த பதினாறும் அப்படித்தான். சூளையில் அடுக்குமுன் அடியில் பட்ட பூச்சை ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். விட்டால் பூச்சு உருகித் தட்டைப் பலகையோடு ஒட்டிவிடும்.

"துடைச்சது யாரு?" மாமாவின் குரல் ஏறி, ஓட்டல்காரம்மாவைப் பார்த்துப் பாதியில் நின்றது.

துடைப்பதும் அடுக்குவதும் அக்கா. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தட்டை மறந்ததில்லை. முந்தாநாள் எல்லாத் தட்டின் அடியும் நகம் மாதிரி சுத்தமாக இருந்ததைத் தம்பியே பார்த்திருந்தான். திறந்திருந்த பின்னறைக் கதவு வழியாகப் பூச்சு வாளி தெரிந்தது. அவன் நேற்றெல்லாம் தேடிய தடித்த பிரஷ் அதன் ஓரத்தில், பூச்சு காய்ந்து விறைத்துக் கிடந்தது. அந்த வீட்டில் பூச்சுக்கு யாரும் பிரஷ் தொடுவதில்லை. துடைத்த அடியில் யாரோ மறுபடி பூசியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

அக்கா மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். தம்பி வருவதற்கு முந்தின வருடம் முறிந்து, கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டு. அவன் வந்த பிறகு வேறெதுவும் முறியவில்லை.

"நான்தான் மாமா," என்றான். "கீழ் அடுக்க நான் துடைக்கிறேன்னு வாங்கினேன். தூங்கிட்டேன்."

"கோழிய நம்பிக் கடை விரிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"சண்டைய அப்புறம் வெச்சுக்குங்க," என்றாள் ஓட்டல்காரம்மா. "பத்து நாள் தர்றேன். ஆனா இதே கை வேணும். கொடி மாறினா எடுக்க மாட்டேன்."

மாமா அவளை வழியனுப்ப வாசலுக்குப் போனார்.

"பிரஷ்ஷயாவது கழுவி வெச்சிருக்கலாம்லக்கா."

அக்கா நிமிரவில்லை. "பத்து நாள்தானேடா."

"அப்புறம்?"

"அப்புறம் பலகைய உடைப்பேன்."

"நீயும் கிளம்பி வாயேன்."

"எங்க? லாரிக்கு அடியிலயா?"

மாமா திரும்பி வந்தார். கையில் அவன் பை. அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போடா உள்ள." அக்கா பக்கம் திரும்பினார். "நீயும் போ. அவன் வரையட்டும், நீ கூடவே உக்காந்து துடை. ஒவ்வொரு அடியையும் நான் பாத்த பிறகுதான் அடுக்கணும்."

அவன் முதலில் போனான். அக்கா ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அவள் முதுகுக்குப் பின்னால் மாமா கதவை உதைத்துச் சாத்தினார். இரண்டாவது உதைக்குத்தான் அது பொருந்தியது. பூட்டைப் போட்டுவிட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.