இந்தியா போன அந்தோனியம்மா

எங்க அம்மா அந்தோனியம்மா இந்தியா போயிட்டாங்களாம். 1988-ல கொழும்புல பிரஜாவுரிமை குடுக்கிற கவர்மெண்ட் கந்தோர்ல இருந்து கடுதாசி வந்துச்சு. அந்தக் கடுதாசியக் கையெழுத்துப் போட்டு வாங்குனதே அம்மாதான், ராகலைக்கு மேல தேயிலைத் தோட்டத்துல, எங்க லயத்து வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு.

அம்மா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுப் பல வருசமாச்சு. மனு நம்பர் 39412. கடுதாசியோட நகல் ஒண்ணு தோட்டத்து ஆபீஸுக்கும் போயிருக்கு. மறுநாள் காலையில வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டுல எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, அம்மாவை மட்டும் கூப்பிடல. "இந்தியாவுக்குப் போனவளுக்கு வேலை இல்ல, ஒரு மாசத்துல குடியிருக்கிற காம்பராவையும் காலி பண்ணு"ன்னுட்டான் கணக்கப்பிள்ளை. எதிர்ல நிக்கிற பொம்பளைகிட்ட சொல்றான், பாவி!

வயிறு எரியிற விசயம் இன்னும் இருக்கு. அந்தக் கந்தோருக்கு மனுப் பட்டியல் அச்சடிக்கிற புரோகிராம எழுதுனதே நான்தான். லயத்துல பொறந்து கம்ப்யூட்டர் படிச்சவன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்ச லியனார்ட்.

பெரிய மெஷின்ல எழுதுனப்ப ஒழுங்காத்தான் ஓடுச்சு. நம்பர் வைக்க 'இன்ட்'னு போட்டேன். அங்க இன்ட்டுக்கு முப்பத்திரண்டு பிட், கோடிக்கணக்குல தாங்கும். அப்புறம் கந்தோர்ல சின்ன மெஷின் வாங்குனாங்க. அதுல இன்ட்டுக்குப் பதினாறு பிட்டுத்தான். 32767-க்கு மேல போனா பிழைன்னு கத்தவும் கத்தாது, கமுக்கமா கழித்தல் பக்கத்துக்குத் தாவிடும். நான் முதல் நூறு நம்பரப் போட்டுப் பார்த்துட்டு, சரின்னு குடுத்துட்டேன். நாசமாப் போனவன்.

அம்மாவோட 39412, -26124ன்னு அச்சாகியிருக்கு. யாராச்சும் அதைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்கணுமில்ல? கந்தோர்ல அதைப் பார்த்தவர் ஞானரட்ணம். முன்னாடி தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கரா இருந்தவர். தோட்டத்துல நம்பர் எழுதினா, முன்னால எவனும் இன்னொரு எண்ணச் சொருகிடக் கூடாதுன்னு ஒரு கோடு இழுப்பாங்க. மனுசன் கழித்தல் குறிய அந்தக் கோடுன்னு நெனச்சிட்டாரு. "கம்ப்யூட்டரே கோடு போடுதேன்னு சந்தோசப்பட்டேன் தம்பி"ங்கிறாரு! 26124-ஐப் பதிவேட்டுல தேடியிருக்காரு. அதுல பேர் கிடையாது, நம்பரும் முடிவும்தான். 26124 வேற யாரோ ஒரு ஆளோடது: 'இந்தியா சென்றுவிட்டார்.' அதையே அம்மா பேருக்கு நேரா அடிச்சு அனுப்பிட்டாரு. அம்மா மாதிரி இன்னும் எத்தனை பேரோ.

என் மேலதிகாரி சிவராசாகிட்ட ஓடுனேன். யாழ்ப்பாணத்து இஞ்சினியர். "மெஷின் பிழை சார், அப்படின்னு ஒரு கடிதம் குடுங்க, அம்மா ஃபைலத் திறக்கச் சொல்லிக் கேக்குறேன்"னேன். அவர் நான் புரோகிராம் எழுதுன சி மொழிக்கு வரப்போற தரத்தோட வரைவ எடுத்து விரிச்சார்.

"இஞ்சை பாரும். இன்ட் 32767 வரைக்கும் தாங்கினாப் போதும் எண்டுதான் தரம் சொல்லுது. மெஷின் தரப்படிதான் நடந்திருக்கு. பிழை உம்மடை புரோகிராமில. நான் எப்பிடிப் பொய்க் கடிதம் தாறது?"

அவர் சொன்னதுல ஒரு பொய் இல்ல. அதுதான் எனக்கு ஆத்திரம்.

'இன்ட்'டைப் பெரிய நம்பர் தாங்குற 'லாங்'குன்னு மாத்துனேன். ஒரே ஒரு வார்த்தை. 39412ன்னு சுத்தமா அச்சாச்சு. அதைத் தூக்கிக்கிட்டுக் கந்தோர் வாசலுக்குப் போனா, மூடின ஃபைலத் திறக்க முடியாதாம். புதுசா மனுப் போடணுமாம். நாட்டுல இருக்கிறவங்கதான் போட முடியுமாம், இவங்க இந்தியாவுல இருக்காங்களாம். விசா எடுத்து வரச் சொல்லுங்கன்னான் அங்க இருந்த கிளாக்கர்.

அலைச்சல்லயே அந்த ஒரு மாசமும் போச்சு. நானுஓயாவுல ரயில விட்டு எறங்கி, பஸ் புடிச்சு வீட்டுக்கு வந்தேன். ரெண்டு பெட்டியும் கொழுந்துக் கூடையும் வாசல்ல கிடந்துச்சு. காம்பராவுக்குப் புதுப் பூட்டு. அம்மா பெட்டி மேல உக்காந்திருந்தாங்க. எல்லாத்தையும் சொன்னேன், நான் எழுதுனதுதான்னும் சொன்னேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். கொழுந்துக் கூடையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டுக் கேட்டாங்க:

"ஏன்டா, இந்தியாவுலயாச்சும் பெரட்டுல என் பேரக் கூப்புடுறாங்களா?"