அரவேணுக் கொழுந்து

பழைய நோட்டுகள் செல்லாமல் போன நவம்பருக்கு அடுத்த மாதத்திலிருந்து, அரவேணுவில் யார் யாருக்கு என்ன கொடுத்தாலும் அது ஊரில் எல்லோருக்கும் அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. குளித்துக்கொண்டிருப்பவருக்கும் தெரியும், குன்னூர் பஸ்ஸில் தூங்கி வழிபவருக்கும் தெரியும். காரணம், ஆறுக்குட்டியின் மளிகைக்கடை மாடியில் சில வாரம் தங்கியிருந்த ஓர் ஆள். ஆணா பெண்ணா என்பதிலேயே ஊரில் இன்னும் தகராறு. பேங்க் வாசலில் கால் கடுக்க நின்று வெறுங்கையோடு திரும்பியவர்களிடம் அந்த ஆள் சொன்னது இவ்வளவுதான்: அச்சடிக்க ஒருவன் இருந்தால் செல்லாது என்று சொல்லவும் ஒருவன் இருப்பான். அதனால் அச்சடிக்க வேண்டாம், எல்லோருமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு மேல் எதை நினைக்கிறார்களோ அதுவே நடந்ததாகக் கணக்கு. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. இருக்கிற அளவுக்கு மேல் இனிக் கூடவும் கூடாது. ஊர் அதற்குக் கொழுந்து என்று பெயர் வைத்தது. கையில் பிடிக்க முடியாது, ஆனால் அரிசி வாங்கலாம். ஒருநாள் பனிக்குள் இறங்கிப் போன அந்த ஆள் திரும்பவில்லை. அவர் பங்குக் கொழுந்து மட்டும் தொடாமல் அப்படியே கிடக்கிறது.

டீ பேக்டரி கிளார்க் சில்வஸ்டர் ஒரு சீட்டுக் கம்பெனியில் சூடு பட்டவர். ரிடையரானதும் வந்த பணத்தையெல்லாம் கொழுந்தாக மாற்றிவிட்டார். அதை இன்னொருவர் பேருக்கு நகர்த்த ஆளுக்கொரு ரகசியச் சொல் உண்டு, மனசுக்குள் நினைத்தால் போதும். கட்டிய பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது ஊர் வழக்கம். சில்வஸ்டரும் மீறவில்லை. ஒரு சித்திரையில் காலைக் காப்பியைக் கீழே வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதற்கு முந்தைய மழையில் வீட்டுக்குக் கீழே மண் சரிந்திருந்தது. ஐப்பசி மழைக்குள் தடுப்புச் சுவர் எழுப்பாவிட்டால் வீடு தேயிலைக்குள் போய்விடும். சுவருக்கு வேண்டிய கொழுந்து சில்வஸ்டர் பேரில் இருப்பது கைக்குழந்தைக்கும் தெரியும், எடுக்கத்தான் வழியில்லை.

மனைவி ஆன்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் லோயிஸின் பெயர், மோதிரம் வாங்கிய கடை, செத்துப்போன நாயின் பெயர் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தவறான சொல் ஒவ்வொன்றுக்கும் ஊருக்கே விக்கல் எடுத்தது. மாதா கோயில் ஃபாதரால் பிரசங்கம் வைக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்குச் சிநேகிதியான வேலாமணி, கீழ்த்தெருவில் தையல்கடை வைத்திருப்பவள், நெஞ்சைப் பிடித்தபடி மேலேறி வந்தாள்.

"ஏம்புள்ள, ஊரையே கொல்லப்போறியா? எவனுக்கும் சோறு எறங்க மாட்டீங்குது."

ஆன்சி அப்போதுதான் கேட்டாள்: சில்வஸ்டர் சாகும் முன்பே எல்லாவற்றையும் தனக்குக் கொடுத்துவிட்டதாக ஊரே நினைத்துக்கொண்டால் என்ன? ஆறுக்குட்டி கடை வாசலில் கூட்டம் கூடியது. ஆன்சி குடியிருக்கும் மேல்தெரு சரி என்றது. வேலாமணி எழுந்தாள்.

"உன்ர மேல பாசமில்லாம இல்ல. இன்னைக்கு உனக்காவ மாத்தி நெனச்சா, நாளைக்கு நாலு பேரு சேந்து என்ர ஊடே இல்லைன்னு நெனச்சுப்போட்டா நான் எங்க போறது?"

"அப்ப என்ர ஊடு போனாப் பரவால்லையா?"

 கீழ்த்தெரு வேலாமணி பக்கம் நின்றது. எந்தப் பக்கம் பாதிக்கு மேல் என்று எண்ணிச் சொல்லப் பொதுவான ஓர் ஆள் வேண்டும். அப்படி யாரும் வேண்டாம் என்றுதானே இத்தனையும் தொடங்கியது. ஆகவே அன்றிலிருந்து அரவேணுவுக்கு இரண்டு ஞாபகங்கள். மேல்தெருக் கொத்தனார் ஆன்சியிடம் கொழுந்து வாங்கிக்கொண்டு கருங்கல்லில் சுவர் எழுப்பினார். ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் கொட்டிய மழையில் சுவர் அசையவில்லை. கீழ்த்தெருவைப் பொறுத்தவரை சுவர் என்று ஒன்று கட்டப்படவே இல்லை, அதனால் வீடு ஆன்சியோடு சரிந்து போனது. ஜேசிபி வைத்துத் தோண்டித் தேடினார்கள். ஆன்சி குடையோடு பக்கத்தில் நின்று, "நான் இங்கதாங்க இருக்கேன்" என்று தொண்டை வற்றக் கத்தினாள். ஒருவரும் திரும்பவில்லை.

ஆன்சி இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மேல்தெருவில் கொடுக்கல் வாங்கல் தடையில்லாமல் நடக்கிறது. ஐப்பசிதோறும் கீழ்த்தெருக்காரர்கள் அவள் ஆன்மா இளைப்பாற மாதா கோயிலில் பூசை வைக்கிறார்கள். செலவு வேலாமணியுடையது. முதல் வருடம் ஆன்சி அவள் கையைப் பிடித்து உலுக்கினாள், முகத்துக்கு நேரே வைதாள். இப்போதெல்லாம் நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். "நான் ஒருத்தி சரின்னிருந்தா பொழச்சிருப்பாளே" என்று வேலாமணி அழுகிறாள். அவள் அழுது முடிக்கும்வரை ஆன்சி இருக்கிறாள். வெளியே மழையென்றால் வேலாமணியின் குடைக்குள் ஒதுங்கி பாதை பிரியும் வளைவுவரை கூடவே நடக்கிறாள். பிறகு மேலேறிப் போய்த் தன் வீட்டைத் திறக்கிறாள்.